சாடியில் வைத்த சாமந்தி மறுநாளே ஏன் தலை சாய்கிறது?

மார்கழியில் வாசல் தெளிக்க எழுந்த கையோடு தோட்டத்துச் சாமந்தியையும் டிசம்பர் பூவையும் நாலு குரோட்டன்ஸ் இலையோடு சாடியில் வைக்கிறார் ஒரு வாசகி. தண்ணீர் நிறைய இருந்தும் சாமந்தி மறுநாளே துவண்டுவிடுகிறதாம். “கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார், நிஜமா?” என்று கேட்டிருக்கிறார். கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்டுக்குள் காற்று புகுந்திருக்கிறது.

வேர் உறிஞ்சும் நீர் சைலக் குழாய்கள் வழியே ஏறி இலைத்துளைகளில் ஆவியாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். சரி, அதை ஏற்றுவது எது? பெரும்பாலும் மேலிருந்து வரும் இழுப்புதான். ஆவியாகிற நீர் தனக்கு அடுத்துள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அந்த இழுப்பு வேர்வரை இறங்குகிறது. 1894இல் அயர்லாந்தின் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் முன்வைத்த விளக்கம் இது. உயிருள்ள செல்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று நம் ஜகதீஷ் சந்திர போஸ் பின்னாளில் வாதிட்டார். நிலைத்தது இழுவிசை விளக்கமே. ஆக, தண்டுக்குள் இருக்கும் நீர் இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டைபோல விறைப்பாக நிற்கிறது.

கத்தரிக்கோல் பட்டதும் அந்த நீர் சட்டென்று உள்ளே பின்வாங்கும். வெட்டுவாயில் காற்று நுழையும். அது பூவரை ஓடிவிடாதா? ஓடாது. இங்கேதான் செடியின் கட்டுமானம் என்னைச் சொக்க வைக்கிறது. சைலம் ஒரே நீளக் குழாய் அல்ல. வரம்புள்ள நீளம் கொண்ட பல குழாய்கள் பக்கவாட்டில் ஒட்டி நிற்கின்றன. நீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடங்களில் மெல்லிய சவ்வு இருக்கிறது. சவ்வின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் நீரின் பரப்பு இழுவிசையே காற்றைத் தடுத்துவிடும், நீர் மட்டும் கடக்கும். பூச்சி கடித்தாலும் கிளை ஒடிந்தாலும் சேதம் அந்தக் குழாய்களோடு நின்றுபோகும். செடியைக் காக்கும் இந்த ஏற்பாடுதான் சாடியில் இடைஞ்சலாகிறது: வெட்டுப்பட்ட குழாய்களில் சிக்கிய காற்று, கீழே இருக்கும் தண்ணீருக்கு வழிவிடுவதில்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இதைச் சாமந்தித் தண்டுகளிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள்.

அதனால் பறித்த தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திவைத்தே, சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முறை வெட்டுங்கள். காற்று நிரம்பிய பகுதி பெருமளவு போய்விடும். கொதித்து ஆறிய தண்ணீர் இன்னும் நல்லது. அதில் கரைந்த காற்று குறைவு என்பதால் மிச்சக் குமிழ்களைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அப்புறம், தண்ணீரில் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகி அதே துளைகளை அடைக்கும்.

விடியலில் பறிப்பது சரியான வழக்கம். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் நீரை நிரப்பிவைக்கும். இழுப்பு தளர்ந்திருப்பதால் காற்றும் குறைவாகவே புகும். உச்சிவெயிலில் நிலைமை நேர்மாறு.

டிசம்பர் பூ எப்படியும் நெடுநாள் தாங்காது; அதைத் தினமும் மாற்றுவதே வழி. ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் உலகெங்கும் பணம் கொட்டி ஆய்வு நடக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் பூக்கும் டிசம்பர் பூவும் கனகாம்பரமும் வெட்டியபின் எப்படி வாடுகின்றன என்று பார்க்க, நம் வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தாராளமாக நிதி தர வேண்டும்.