மண்ணுக்குள் நீரைக் காட்டும் ஓரடிக் குழாய்

பழனி மலைத்தொடரின் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. நெல் விளைவது வடக்கு அடிவாரத்தில், பாலசமுத்திரம், ஆயக்குடி சுற்றுவட்டாரத்தில், தென்னைக்கும் கொய்யாவுக்கும் இடையே. ஆனால் அந்த நெல்லைக் காப்பாற்றுவது மலைதான். சோலைக்காடுகளும் அவற்றை ஒட்டிய புல்வெளிகளும் மழையை வாங்கி வைத்து, மழை ஓய்ந்த பிறகும் சிறுகச் சிறுக விடுவதால்தான் பாலாறும் பொருந்தலாறும் வரதமாநதியும் அணைகளை நிரப்பி, சண்முகநதியாகக் கூடி, அமராவதியைச் சென்று சேர்கின்றன. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் மரத்தோட்டங்களாக மாறிவிட்டது. மலையின் அந்த உதவியை முன்போல நம்பியிருக்க முடியாது. எனவே அணையிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு மடை நீரும் வயலில் என்ன ஆகிறது என்று பார்ப்பது அடிவாரத்து விவசாயிக்கு அவசியமான கணக்கு.

ஓர் ஏக்கர் வயலில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டினால் அது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாக வயலுக்கு வந்து சேரும் நீர் சராசரியாக 2,500 லிட்டர் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லும் கணக்கு. இதில் சுமார் 1,400 லிட்டர் இலை வழியாகவும் வயலின் மேற்பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. மீதமுள்ள 1,100 லிட்டர் பயிரைத் தொடுவதே இல்லை. மண்ணுக்குக் கீழே இறங்கியும், வரப்பு வழியாகவும் நண்டு வளை வழியாகவும் கசிந்தும் போய்விடுகிறது. நீர் சேமிக்கும் நெல் சாகுபடி பெரும்பாலும் கைவைப்பது இந்தப் பங்கில்தான். பயிருக்கு உரியதைப் பிடுங்கிச் சேமிக்கச் சொல்லும் முறை இதுவல்ல என்பதை விவசாயிகளிடம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

தேங்கிய நீர் ஏன் இவ்வளவு கசிகிறது? தொழி உழவு செய்து, அதாவது நீர் கட்டிச் சேறாக உழுது, பரம்படிக்கும்போது மண் துகள்கள் கலைந்து படிந்து, ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஓர் இறுகிய தளம் உருவாகிறது. நீர் வேகமாக இறங்காமல் தடுப்பது அதுதான். ஆனால் அந்தத் தளத்தின் மேல் நிற்கும் நீரின் உயரம் கூடக்கூட அழுத்தமும் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கீழே இறங்கும் நீரும், பக்கவாட்டில் வரப்பைத் துளைத்துச் செல்லும் நீரும் கூடுகின்றன. கூடுதலாக நிறுத்தும் நீரின் ஒரு பங்கு, நிறுத்தியதாலேயே போய்விடுகிறது. நீர் மண்மட்டத்துக்குக் கீழே இறங்கிய பிறகு வரப்புக் கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். கீழ்நோக்கிய இறக்கமும் மெதுவாகும்.

இங்கேதான் நம் உழவர்கள் வைத்த பெயரே முறையை விளக்கிவிடுகிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். நீர் பாய்ச்சி, மறைய விட்டு, மண் சற்றுக் காய்ந்ததும் மீண்டும் பாய்ச்சுவது. எவ்வளவு காயலாம் என்பதுதான் நெடுநாள் கேள்வியாக இருந்தது. மண்ணின் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்தால், ஒருவர் பயந்து சீக்கிரமே மடை திறப்பார், இன்னொருவர் அசட்டையாக விட்டுப் பயிரை வாட்டிவிடுவார். இதற்குக் கிடைத்த விடை ஒரு பிளாஸ்டிக் குழாய். 30 செ.மீ. நீளமும் 10 முதல் 15 செ.மீ. விட்டமும் உள்ள குழாயின் அடிப்பகுதி 20 செ.மீ. வரை சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பகுதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளி எடுத்துவிட வேண்டும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழிந்து பயிர் வேர் பிடித்த பிறகு இதைப் பயன்படுத்தத் தொடங்கலாம். குழாய்க்குள் தெரியும் நீர், மண்ணுக்குள் நிற்கும் நீரின் மட்டம். அது மண்மட்டத்திலிருந்து 15 செ.மீ., அதாவது அரையடி, கீழே இறங்கும்வரை மடையைத் திறக்க வேண்டியதில்லை. இறங்கியதும் 5 செ.மீ. கட்டினால் போதும்.

மேலே நீர் தெரியாத நாட்களில் பயிர் தவிக்காதா என்பது நியாயமான கேள்வி. நீர்மட்டம் அரையடி கீழே இருந்தாலும், மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, நீர் மேலேறிக்கொண்டே இருக்கிறது. வேர் நிற்கும் பகுதி ஈரமாகவே உள்ளது. பூக்கும் பருவம் மட்டும் விதிவிலக்கு: பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்புவரை 5 செ.மீ. நீர் நிற்க வேண்டும். அப்போது நீர்ப் பற்றாக்குறை வந்தால் கதிரில் பதர் கூடும். பிறகு எத்தனை நீர் பாய்ச்சினாலும் அதை ஈடுகட்ட முடியாது. இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், விளைச்சல் குறையாமல் பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகலாம்.

நெல் நீர்த்தாவரம் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. நெல் வெள்ளத்தைத் தாங்கும் செடி; வெள்ளத்தை விரும்பியே தீரும் செடி அல்ல. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. அதனால் நெல் தன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றறைகளை அமைத்து, இலையிலிருந்து வேர் வரை காற்றைக் கொண்டுபோகிறது. ஓயாமல் நீர் தேங்கும் மண்ணில் வேர்கள் கறுத்து நலியக்கூடும். இடையிடையே காற்றுப் படும் மண்ணில் வேர் வெளுத்து, ஆழமாக இறங்குகிறது.

வேரின் இந்தத் தேவையை மையமாக வைத்து எழுந்ததுதான் செம்மை நெல் சாகுபடி. மடகாஸ்கரில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஆன்றி தெ லௌலானியே 1980களின் தொடக்கத்தில் வகுத்த இம்முறையை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000க்குப் பிறகு நம் மண்ணுக்கு ஏற்பச் சோதித்தது. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையே போதும். பாய் போலச் சுருட்டி எடுக்கக்கூடிய பாய் நாற்றங்காலில் வளர்த்த 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. சதுரத்தில் நடுகிறார்கள். இளம் நாற்று பிடுங்கும் அதிர்ச்சியிலிருந்து விரைவில் மீள்வதால், பக்கத் தூர்கள் (அடியிலிருந்து கிளைக்கும் புதுத் தண்டுகள்) வெடிக்கும் பருவம் வீணாவதில்லை. வெளிச்சமும் இடமும் கிடைப்பதால் ஒற்றை நாற்றே அடர்ந்து தூர் கட்டுகிறது. பாசனம் 2.5 செ.மீ. மட்டும், மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது.

இம்முறைகள் பரவத் தடையாக இருப்பது விவசாயியின் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. தேங்கிய நீர் களையை அடக்குகிறது. அதை வடித்தால் களை முளைக்கும். கோனோ வீடர் என்ற கையால் தள்ளும் உருளைக் களையெடுப்பானைப் பத்து நாளுக்கு ஒருமுறை உருட்டிக் களையை மண்ணுக்குள் அமுக்கலாம், மண்ணும் கிளறப்படும். ஆனால் காய்ந்து இறுகிய சேற்றில் அதைத் தள்ளுவது முதுகை ஒடிக்கும் வேலை, ஆகவே உருட்டும் நாளில் மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். நடவும் அப்படித்தான். கை போன போக்கில் வேகமாக நட்டுப் பழகிய பெண்களைக் கயிறு பிடித்துச் சதுரமாக நடச் சொன்னால், முதல் சில நாட்கள் வேலை நகராது. கூலியைக் குத்தகையாகப் பேசியிருந்தால் இழப்பு அவர்களுக்கே. எனவே பயிற்சியை நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் முன் நடவாட்களுக்குக் கொடுத்து, பழகும் நாட்களுக்கு நாட்கூலியாகக் கொடுப்பதே முறை.

எல்லாவற்றிலும் பெரிய தடை, முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக நீர் விடும் முறைப் பாசனம். அடுத்த முறை நீர் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை விவசாயி, கிடைத்தபோதே வரப்பு முட்டக் கட்டி வைக்கிறார். அது வீண்செலவு அல்ல. வயலிலேயே வைத்திருக்கும் சேமிப்பு. அவரிடம் குழாயை மட்டும் கொடுத்துவிட்டு நீரைக் குறைக்கச் சொல்வது அநியாயம். சொந்தக் கிணறு உள்ளவருக்கு இந்தத் தயக்கம் குறைவு என்பதால், முதல் குழாய்களைக் கிணற்றுப் பாசன வயல்களில் நிறுத்துவது நல்லது.

மண்ணையும் பார்த்தாக வேண்டும். அடிவாரத்தில் ஆற்றோரத்து மணற்பாங்கான நிலத்தில் நீர் மிக வேகமாக இறங்கும். அங்கே குழாயைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கும், மிச்சமும் குறைவு. களிமண் நிலத்தில் அளவுக்கு மீறிக் காயவிட்டால் ஆழமான வெடிப்பு விழுந்து, அடுத்த பாய்ச்சலில் நீர் முழுவதும் அதன் வழியே ஓடிவிடும். வயல் மேடுபள்ளமாக இருந்தால் எந்தக் குழாயும் உண்மை சொல்லாது. சமப்படுத்துவதே முதல் செலவு.

நீர் மிச்சத்தோடு இன்னொரு பலனும் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் மீத்தேன், நெல்லின் அதே காற்றறைகள் வழியாக மேலேறி வெளியேறுகிறது. இடையிடையே மண் காயும்போது அது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாசன விவசாயிகள் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களாகத் திரள முடியும். ஒரு மடையின் கீழ் உள்ள விவசாயிகள் அனைவரும் குழாய் நிறுத்தி, காலையில் மட்டத்தைப் பார்த்துச் சொன்னால், தலைமடை, கடைமடை என்ற வரிசைக்குப் பதிலாக, எவர் வயலில் நீர் அரையடிக்கு இறங்கியிருக்கிறதோ அவருக்கு முதல் மடை என்று முறையை வகுக்கலாம். அப்போது, தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்த கடைமடைக்காரர் வரப்பு முட்டக் கட்டி வைக்க வேண்டியிருக்காது.