சிடி எண்ணை எப்படிப் படிப்பது?

வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கித் தேடும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சில சமயம் 24, 31 என்று ஓர் எண் இருக்கும். அதுதான் சிடி (Ct) எண். எண் குறைந்தால் வைரஸ் அதிகம், கூடினால் குறைவு என்பது பொதுவாகச் சரி. ஆனால் அதை அப்படியே 'உடலில் உள்ள வைரஸின் அளவு' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் பிறக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கொரோனா, டெங்கு, இன்ஃப்ளுயென்சா போன்றவற்றின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. முதலில் குவானிடின் போன்ற வேதி உப்பின் அடர்கரைசலால் வைரஸின் உறையை உடைத்து, ஆர்.என்.ஏ.வைக் காந்த மணிகளில் ஒட்டவைத்துக் கழுவி எடுப்பார்கள். பிறகு 50 டிகிரி செல்சியஸ் அளவில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும். 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்த நொதி அது. அடுத்து, 95 டிகிரியில் இழைகள் பிரியும்; 60 டிகிரி அளவில், தேடும் பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் பிரைமர்கள் என்ற சிறு இழைகள் ஒட்டி, பாலிமரேஸ் என்ற இன்னொரு நொதியால் புது இழை வளரும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் இரட்டிக்கும். ஒரே ஒரு மூலக்கூறில் தொடங்கினாலும் 40 சுற்றில், கணக்குப்படி, ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும்.

இதைக் கண்ணுக்குக் காட்டுவது புரோப் என்ற சிறு இழை. அதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அடக்கும் மூலக்கூறு. புது இழை வளரும்போது பாலிமரேஸ் புரோபை வெட்டிவிடும். சாயம் விடுபட்டு ஒளிரும். இந்த ஒளி குறித்த வரம்பைத் தாண்டும் சுற்றின் எண்ணே சிடி. பெருக்கம் முழுமையாக நடந்தால் 3.3 சுற்று வித்தியாசம் என்பது பத்து மடங்கு. அதாவது சிடி 20-க்கும் 30-க்கும் நடுவே ஆயிரம் மடங்கு இடைவெளி.

இந்தக் கணக்கில் சிக்கல் வருவது 'முழுமையாக நடந்தால்' என்ற இடத்தில்தான். இரத்தத்தின் ஹீம், உறையாமல் இருக்கச் சேர்க்கும் ஹெப்பாரின், மாதிரி எடுக்கும் குச்சியின் கால்சியம் ஆல்ஜினேட் பஞ்சு ஆகியவை நொதியின் வேலையைக் கெடுக்கும். சுற்றுக்கு 100 சதவீதம் பெருகவேண்டியது 90 சதவீதமே பெருகினால், 30 சுற்று முடிவில் பிரதிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிடி பின்னுக்குப் போகும். நோயாளியிடம் வைரஸ் குறைந்தது போலத் தோன்றும். வைரஸ் அளவு பார்க்க, ஹெப்பாரினுக்குப் பதில் ஈ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பான் உள்ள குழாயில் இரத்தம் எடுப்பதற்கும், தொண்டை மாதிரிக்குப் பாலியெஸ்டர் அல்லது நைலான் பஞ்சு கேட்பதற்கும் இதுவே காரணம்.

பஞ்சுக்குச்சி மாதிரியில் இன்னொரு குறை: எவ்வளவு சளி ஏறியது என்பது தெரியாது. நேற்று ஆழமாகவும் இன்று மேலோட்டமாகவும் தேய்த்தால், வைரஸில் மாற்றமே இல்லாமல் சிடி மாறும். ஆகவே மனித மரபணு ஒன்றையும் (பெரும்பாலும் ஆர்னேஸ் பி) சேர்த்துத் தேடுவார்கள். அதுவும் வராமல் வைரஸும் வராவிட்டால் அது 'நெகட்டிவ்' இல்லை; மாதிரியோ பரிசோதனையோ தோற்றிருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. முந்தைய சோதனையில் பெருகிய பிரதிகள் காற்றில், கையுறையில், பிப்பெட்டில் பரவினால் வைரஸே இல்லாத மாதிரியும் பாசிட்டிவ் ஆகும். பெருக்கம் நடக்கும் அறையிலிருந்து வேதிக்கலவை தயாரிக்கும் அறைக்கு ஆட்கள் திரும்பி வரக்கூடாது என்ற விதி மிகக் கறாரானது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

வைரஸே மாறினாலும் சோதனை தடுமாறும். 2020-இன் இறுதியில் பிரிட்டனில் பரவிய ஆல்ஃபா திரிபில் ஸ்பைக் மரபணுவின் சிறு பகுதி காணாமல் போயிருந்தது. மூன்று மரபணுக்களைத் தேடிய ஒரு கிட்டில் மற்ற இரண்டும் வந்தன, ஸ்பைக் மட்டும் வரவில்லை. இந்த விடுபடலையே அடையாளமாக வைத்து, முழு மரபணு வரிசைப்படுத்தலுக்கு முன்பே திரிபின் பரவலைத் தொடர்ந்தார்கள். ஸ்பைக்கின் அந்தப் பகுதியை மட்டும் தேடும் கிட்டாக இருந்திருந்தால் நோயே தவறியிருக்கும்.

நோயைத் தொடர்ந்து கண்காணிக்க சிடி போதாது. எச்.ஐ.வி.யில் பிளாஸ்மாவின் ஒரு மில்லிலிட்டரில் எத்தனை பிரதிகள் என்று சொல்கிறார்கள். அளவு தெரிந்த மாதிரிகளைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அவற்றின் சிடியைக் கோடாக வரைந்து, அதில் நோயாளியின் சிடியைப் பொருத்திப் பெறும் எண் இது. இதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. 40,000 என்பது 20,000 ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஏறத்தாழ மூன்று மடங்குக்கு மேற்பட்ட மாற்றத்தையே மருத்துவர்கள் பொருட்படுத்துகிறார்கள். ஒரே நோயாளியை ஒரே வகை மாதிரியில், ஒரே கிட்டில் தொடர்வது நல்லது.

எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பிசிஆர் உயிருள்ள வைரஸுக்கும் உடைந்த துண்டுக்கும் வேறுபாடு அறியாது. லேசான கொரோனா தொற்றில் பத்து நாளுக்குப் பிறகு வைரஸை ஆய்வகத்தில் வளர்ப்பது அரிது, ஆர்.என்.ஏ. மட்டும் வாரக்கணக்கில் தெரியும். நோய்க்குறி தொடங்கி முதல் நாளில் வரும் 34-க்கும் இருபதாம் நாளில் வரும் 34-க்கும் பொருள் வேறு. முன்னது ஏறிக்கொண்டிருக்கும் தொற்றாக இருக்கலாம்; பின்னது பெரும்பாலும் மிச்சம். எனவே அறிக்கையில் மாதிரி எடுத்த தேதியோடு நோய்க்குறி தொடங்கிய தேதியும் இருக்க வேண்டும்.