வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. தரும் பணம்

இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம்) கார்டு என்றதும் பலருக்கு டிஸ்பென்சரி வரிசையும் மாத்திரைச் சீட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற 0.75 சதவீதமும், முதலாளி போடுகிற 3.25 சதவீதமும் வைத்தியத்துக்கு மட்டும் போவதில்லை. உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்கான பணமும் அதிலிருந்துதான் வருகிறது. 10 பேராவது வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய்க்கு மிகாத மாதச் சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000.

எவ்வளவு கிடைக்கும் என்பது ஒரு கேள்வியைப் பொறுத்தது: வந்தது நோயா, வேலையில் பட்ட அடியா?

நோய் என்றால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. அதற்கான ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் உதவும். காசநோய், புற்றுநோய் மாதிரியான நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை நீளலாம். அதற்கு இரண்டு வருஷ சர்வீஸ் வேண்டும்.

வேலையில் அடிபட்டால் கணக்கே வேறு. 90 சதவீதம், குணமாகும் வரை. சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு, 78 நாள் நிபந்தனை இங்கே இல்லை. விபத்து நாளை விட்டுவிட்டு மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பைக் காட்டினால் சேரும்.

பிரஸ் மெஷினில் கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். தினச் சம்பளம் 600 ரூபாய். காயம் ஆறும் வரை நாளுக்கு 540. அப்புறம் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மெடிக்கல் போர்டு (டாக்டர்கள் குழு) பார்க்கும். கட்டைவிரல் இழப்புக்குச் சட்ட அட்டவணையில் 30 சதவீதம். 540-இல் 30 சதவீதம் 162 ரூபாய், நாளுக்கு நாள், ஆயுள் முழுக்க. அதே கம்பெனியில் அதே சம்பளத்துக்குத் திரும்பப் போனாலும் இது நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கை ஆறிவிட்டது என்று போர்டுக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

கம்பெனி தரப்பில் 'வெளியில் பட்ட அடி என்று சொல்லிவிடு, செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று பேசுவதும் உண்டு. ஒத்துக்கொள்ளாதீர்கள். 90 சதவீதம் 70 ஆவதோடு, ஆயுள் தொகையும் கையை விட்டுப் போகும். அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போனதா என்று கேளுங்கள், பார்த்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் வரம்பைத் தாண்டியவர்களுக்கு இந்த வழி இல்லை. பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே நிரந்தரமாக, முழுமையாக முடங்கிப்போனவருக்கு ஒரே ஒரு மாதச் சந்தா இருந்தாலும் பென்ஷன் உண்டு.