கிளி கெட்டுப்போகவில்லை, வயதுக்கு வந்திருக்கிறது

“டாக்டர், அலகைக் கொஞ்சம் வெட்டி விடுங்க, கடிக்க முடியாத மாதிரி.” போன வாரம் ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளியோடு வந்தவர் கேட்டது. இதே கோரிக்கையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போவதால்தான் எழுத உட்கார்ந்தேன். அலகுக்குள் எலும்பு இருக்கிறது, நரம்பு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது. வெட்ட மாட்டேன்.

அந்தக் கிளிக்கு நான்கு வயது. ஆப்பிரிக்கன் கிரே பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் பருவத்துக்கு வரும். சன் கொன்யூர் கிளிக்கு இரண்டு வயது வாக்கில், காக்கட்டீல் கிளிக்கு ஒரு வயதிலேயே. விற்பவர் காட்டுவது மடியில் தூங்கும் குஞ்சை. அது வளரும் என்பதை யாரும் சொல்வதில்லை.

“கையால ஊட்டி வளர்த்தது டாக்டர், என்னையே எப்படிக் கடிக்கும்?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கையால் ஊட்டியதால் அது உங்கள் குழந்தையாகிவிடவில்லை. மனிதரைப் பார்த்துப் பயப்படாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பயமுள்ள பறவை கை நீண்டால் விலகிப் பறக்கும். பயமில்லாதது நின்று கடிக்கும். அதோடு, பருவம் வந்ததும் அது இணை தேடும். வீட்டில் வேறு கிளி இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு இரையைக் கக்கி ஊட்ட வரும், சோபாவுக்கு அடியில் இருட்டு மூலை தேடும், உங்கள் கணவர் பக்கத்தில் வந்தால் பாயும். அவரை எட்ட முடியவில்லையா, உங்களையே கடிக்கும். இதில் நன்றிகெட்டத்தனமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. “கண் பட்டுவிட்டது” என்று கூண்டில் கறுப்புக் கயிறு கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கயிற்றையும் கடித்து விழுங்கிவிடும், கழற்றுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதுகையும் இறக்கைக்கு அடியிலும் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். அதற்கு அது கொஞ்சல் இல்லை, இணை சேர அழைப்பு. தலையும் கழுத்தும் போதும். ராத்திரி பதினொரு மணி வரை டிவி ஓடும் ஹாலில் கூண்டை வைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். கண்ணாடி, பானை, துணிக்கூடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பாகக் குழைத்த சோறு ஊட்டுவதையும் விடுங்கள். கடித்தால் கத்தாதீர்கள், அதற்கு அது வேடிக்கை. கையை மெதுவாக விலக்கிவிட்டு வேறு பக்கம் திரும்புங்கள். சில மாதம் பொறுத்தால் வேகம் குறையும், பிறகு பருவத்துக்குப் பருவம் திரும்பவும் வரும். “ஜோடி வாங்கி விட்டுடலாமா?” என்று கேட்டு அவசரப்படாதீர்கள். உங்களையே இணையாக நினைக்கும் கிளி புதிதாக வந்ததைக் குதறிவிட்டு என்னிடம்தான் வரும்.

வயதான பறவை திடீரென எரிந்து விழுந்தால் கதை வேறு. மூட்டு வலி இருக்கலாம், கண்ணில் புரை விழுந்திருக்கலாம், சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று ஈரல் கொழுத்திருக்கலாம். கிளிகள் நோயை வெளியே காட்டாது. எந்த வயதிலும், குணம் மாறியதோடு எடையும் குறைந்தாலோ எச்சம் மாறினாலோ முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பழக்கவழக்கப் பேச்சு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தச் சின்ன நோட்டு எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நம்மூர்ப் பச்சைக்கிளியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

தயவுசெய்து, கடிக்கிறது என்பதற்காக வெளிநாட்டுக் கிளியை மொட்டை மாடியிலிருந்து பறக்க விடாதீர்கள். இரை தேடத் தெரியாது, காக்கைகள் விடாது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால், கிளி வளர்த்த அனுபவமுள்ள ஒருவரிடம் அதன் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

பெட்டையாக இருந்து, உடல் உப்பி, கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். விளக்கெண்ணெய் வைத்தியம் எதுவும் வேண்டாம். காலை வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.