சரண்டர் என்று தேடியிருந்தால் கிடைத்திருக்கும்

பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு பெரிய நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். எடுக்காமல் மிச்சமிருந்த விடுப்பைக் காசாக்க வேண்டியிருந்தது. அதற்கான சுற்றறிக்கையை அலுவலகத்தின் ஆவணக் களஞ்சியத்தில் தேடினேன். 'லீவ் என்கேஷ்மென்ட்' என்று அடித்தால் ஒன்றுமே வரவில்லை. 'லீவ்' என்று மட்டும் அடித்தால் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியில் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அண்ணனுக்கு போன் போட்டேன். "அது 'ஈ.எல். சரண்டர்'னு இருக்கும் தம்பி. இருங்க, என் மெயில்ல கிடக்கு, அனுப்புறேன்" என்றார். அரை நிமிடத்தில் வந்துவிட்டது. ஈட்டிய விடுப்பை (ஈ.எல்.) ஒப்படைத்துக் காசாக்குவதற்கு அங்கே அதுதான் பெயர்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் கடிதம், ஒப்பந்தம், வரைபடம், படிவம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்க வாங்கும் மென்பொருளுக்கு நிறுவன உள்ளடக்க மேலாண்மை என்று கனமான பெயர் உண்டு. ஷேர்பாயின்ட், டாக்குமென்டம், அல்ஃப்ரெஸ்கோ எல்லாம் இந்தக் குடும்பம். இதைப் 'பயன்படுத்த எளிதாக்குகிறோம்' என்று யார் கிளம்பினாலும் முதலில் திரையின் நிறத்தையும் பொத்தான்களையும்தான் மாற்றுவார்கள். எனக்கு அன்று திரையில் ஒரு குறையும் இல்லை. அந்த அண்ணனுக்குத் தெரிந்த ஒன்று மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தேடல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நாம் ஒரு சொல்லை அடித்ததும் கணினி லட்சம் கோப்புகளையும் திறந்து படிப்பதில்லை. படிக்கிற வேலையை முன்கூட்டியே முடித்து ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்திருக்கும். மூன்றே ஆவணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 'பயணப்படி கோரும் படிவம்', இரண்டாவது 'பயணப்படி உயர்வு சுற்றறிக்கை', மூன்றாவது 'விடுப்பு கோரும் படிவம்'. சொல்லடைவில் 'பயணப்படி' என்ற சொல்லுக்கு எதிரே 1, 2 என்றும், 'படிவம்' என்பதற்கு எதிரே 1, 3 என்றும் எழுதியிருக்கும். நீங்கள் 'பயணப்படி படிவம்' என்று கேட்டால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள எண் எது என்று பார்த்தால் போதும். ஒன்று. முடிந்தது. கோடி ஆவணம் இருந்தாலும் அடிப்படை இதுதான். டக் கட்டிங் 1999இல் எழுதத் தொடங்கிய லூசீன் என்ற திறமூல நிரல் இந்த வேலையைத்தான் செய்கிறது. நிறுவனத் தேடல் பொறிகள் பலவற்றின் அடியில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

கிடைத்ததில் எதை மேலே காட்டுவது? 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எளிமையான ஒரு யோசனை சொன்னார். எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பில்லை, அரிதாக வரும் சொல்லுக்குத்தான் மதிப்பு. பத்து லட்சம் ஆவணங்களில் பத்தில் மட்டும் ஒரு சொல் வருகிறதென்றால், பத்து லட்சத்தைப் பத்தால் வகுத்து, பத்தை அடிமானமாக வைத்து மடக்கை (லாகரிதம்) எடுத்தால் 5. பத்து லட்சத்திலும் வருகிற சொல்லுக்கு அதே கணக்குப் போட்டால் பூஜ்யம். நிறுவனத்தின் பெயர் எல்லா லெட்டர்ஹெட்டிலும் இருக்கும், ஆகவே தேடலில் அதற்கு விலையே இல்லை.

கூகுள் இதோடு நிற்கவில்லை. யார் யாருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் எண்ணி, பலர் சுட்டும் பக்கத்தை மேலே கொண்டுவந்தது. அலுவலகத்துக்குள் அந்த வித்தை எடுபடாது. விடுப்புப் படிவத்துக்கு இணைப்புக் கொடுத்து யார் கட்டுரை எழுதப்போகிறார்கள்? அதோடு, வெளியே தேடும்போது ஓரளவு பொருத்தமான பத்துப் பக்கம் கிடைத்தாலே திருப்தி வந்துவிடும். அலுவலகத்தில் வேண்டியது ஒரே ஒரு கோப்பு, அதுவும் இப்போது நடைமுறையில் உள்ள கோப்பு.

இனி 'சரண்டர்' விவகாரத்துக்கு வருவோம். 1985இல் டேவிட் பிளேர், எம். இ. மேரன் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள், ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் என்ற தேடல் அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தேடித் தேடி எடுத்தார்கள். தொடர்புள்ள ஆவணங்களில் முக்கால்வாசியாவது கைக்கு வந்துவிட்டது என்று நம்பினார்கள். தேடலில் அகப்படாமல் கிடந்தவற்றிலிருந்து மாதிரிகளை எடுத்து, அதே வழக்கறிஞர்களிடம் கொடுத்து ஆய்வாளர்கள் மதிப்பிடச் செய்தபோது உண்மை தெரிந்தது. சராசரியாக அவர்கள் எடுத்திருந்தது ஐந்தில் ஒரு பங்குதான்.

ஏன் ஏமாந்தார்கள்? கிடைத்தவற்றில் பத்தில் எட்டு சரியாகவே இருந்தன. கண்ணுக்கு முன்னால் வருவதெல்லாம் சரியாக இருந்தால், வராமல் போனதைப் பற்றிச் சந்தேகமே எழாது. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. ஆனால் ஒரு தரப்பார் தங்கள் கடிதங்களில் 'விபத்து' என்று எழுதவே இல்லை. 'நிகழ்வு' என்றார்கள், 'சூழ்நிலை' என்றார்கள், 'பிரச்சினை' என்றார்கள். பழி வரக்கூடிய இடத்தில் இருப்பவர் பச்சையாக எழுதுவாரா? விபத்துக்கு முன்னால் எழுதிய ஆவணங்களிலோ அந்தச் சொல் வருவதற்கு வழியே இல்லை. வழக்குக்கு முக்கியமாக இருந்தவற்றில் அவையும் உண்டு.

அவரவர் ஒரு பெயர் வைப்பது வழக்கறிஞர்களின் தொல்லை மட்டுமல்ல. ஜார்ஜ் ஃபர்னாஸும் மூன்று கூட்டாளிகளும் 1987இல் இதை அளந்தே பார்த்தார்கள். ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லுங்கள் என்றால், இரண்டு பேர் அதே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. ஐந்து முறையில் நான்கு முறை நீங்கள் தேடும் சொல்லும் எழுதியவர் போட்ட சொல்லும் வேறு. அன்று எனக்கு நடந்தது அந்த நான்கில் ஒன்று.

சரி, சொல்லை நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது? இங்கேதான் சீர்காழிக்காரர் ஒருவர் வருகிறார். 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் வரும். புத்தகங்களை வகைப்படுத்தவும் இப்படித் துண்டுகள் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. பொருளுக்கு முதலிலேயே ஓர் அறையை ஒதுக்கி வைப்பதற்குப் பதில், எது, எதனால் ஆனது, என்ன செய்கிறார்கள், எங்கே, எப்போது என்ற முகங்களாகப் பிரித்து, வேண்டியதைக் கோக்கலாம் என்றார்.

கணினியில் கோப்புறைக்குள் கோப்புறை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2023இல் மதுரைக் கிளையில் கொதிகலன் குழாயைப் பழுதுபார்த்த அறிக்கை ஒன்று இருக்கிறது. அதை எங்கே வைப்பது? மதுரை, அதற்குள் 2023, அதற்குள் கொதிகலனா? அல்லது கொதிகலனுக்குள் மதுரையா? மூன்று முகம் என்றால் ஆறு வரிசை வரும். ஐந்து முகம் என்றால் 120. ஒவ்வொரு பிரிவும் தனக்கு வசதியான வரிசையில் மரம் வளர்க்கும், அடுத்த பிரிவுக்காரர் அதில் வழிதவறுவார். முகங்களாக வைத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. ஒரே ஆவணம், ஐந்து சீட்டு. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சிக்கும். இணையக் கடையில் சட்டை வாங்கும்போது இடப்பக்கம் நிறம், அளவு, விலை என்று டிக் அடிக்கிறோமே, அதே தத்துவம்தான்.

ஆனால் அந்தச் சீட்டை யார் எழுதுவது? நூலகத்தில் அதற்கென்று சம்பளம் வாங்குகிற ஆள் உண்டு. அலுவலகத்தில் சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் எழுத வேண்டும். கோப்பை ஏற்றப் போனால் பதினான்கு கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு நட்சத்திரம். அவர் என்ன செய்வார்? பட்டியலில் முதலில் தெரிவதைத் தேர்ந்தெடுப்பார், அல்லது 'மற்றவை'. எழுதுகிற சிரமம் இன்று ஒருவருக்கு, தேடிக் கண்டெடுக்கும் பலன் இரண்டு வருடம் கழித்து யாரோ முகம் தெரியாதவருக்கு. இந்தக் கணக்கை நேர்செய்யாத வரை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் சுற்றறிக்கை விட்டாலும் நடக்காது என்பது என் கட்சி.

நல்ல அமைப்பு கேட்பதைக் குறைக்கும். யார் ஏற்றுகிறார் என்பது உள்நுழைந்தபோதே தெரியும். எந்தக் கிளை என்பது அவருடைய பணிப்பதிவிலேயே இருக்கிறது. நேரத்தைக் கடிகாரம் சொல்லும். பழுது அறிக்கைக்கென்று வைத்திருக்கும் மாதிரிப் படிவத்தைத் திறந்து எழுதினால், இது பழுது அறிக்கை என்பதும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். மிச்சம் ஒரே கேள்வி: எந்த இயந்திரம்? அதையும் பட்டியலில் இரண்டு எழுத்து அடித்ததும் காட்டிவிட்டால், சாயங்காலம் ஐந்தரைக்குக்கூட மனிதர் ஒழுங்காக நிரப்புவார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் பின்னால் நடக்கிறது. சம்பள உயர்வுப் பட்டியலின் வரைவு களஞ்சியத்தில்தான் கிடக்கிறது. அதை எல்லோருக்கும் காட்டக் கூடாது. உள்ளே திறக்க முடியாமல் பூட்டினால் போதாது, தலைப்பு தெரிந்தாலே டீக்கடை வரை செய்தி போய்விடும். '3 முடிவுகள், பார்க்க அனுமதி இல்லை' என்று எண்ணிக்கையைச் சொன்னால்கூட ஆபத்துதான். ஆகவே ஒவ்வோர் ஆவணத்தையும் யார் யார் பார்க்கலாம் என்பதையும் சொல்லடைவிலேயே எழுதி வைக்கிறார்கள். நீங்கள் தேடும்போது நீங்கள் சேர்ந்திருக்கும் குழுக்களின் பெயரும் உங்களுக்குத் தெரியாமல் தேடலோடு சேர்ந்துகொள்ளும். மறுபடியும் அதே பொது எண் பார்க்கும் வேலை. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவரை இன்று வேறு பிரிவுக்கு மாற்றினால், அடைவு புதுப்பிக்கப்படும் வரை பழைய அனுமதி நீடிக்கலாம். காட்டுவதற்கு முன் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டுச் சரிபார்த்தால் அந்த ஓட்டை அடைபடும், ஆனால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும்.

நகல்களின் தொல்லை வேறு. 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் உண்மையான இறுதி' என்று எல்லா அலுவலகத்திலும் கோப்புகள் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவற்றைப் பிடிப்பது சுலபம். கோப்பை ஷா-256 என்ற கணக்கீட்டில் போட்டால் 64 இலக்கக் கைரேகை ஒன்று வரும், இரண்டின் கைரேகையும் ஒன்றென்றால் கோப்பும் ஒன்றே. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை மொத்தமாக மாறிவிடும் என்பதால் 'இறுதி 2' இதில் சிக்காது. அதற்கு உரையைச் சிறு சிறு சொற்கோவைகளாக வெட்டி, எத்தனை கோவைகள் பொதுவாக இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். ஆனால் உண்மையான தீர்வு நகலே பிறக்காமல் பார்த்துக்கொள்வது. மெயிலில் கோப்பை இணைக்காமல் அதன் முகவரியை அனுப்பினால் எல்லோரும் திறப்பது ஒரே பிரதியைத்தான்.

தமிழில் ஆவணம் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு மேலும் சில கண்ணிகள். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்பில், 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். திரையில் தமிழாகத் தெரிகிறதே என்று தேடினால் வராது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது, ஆனால் அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடுமா? யூனிகோடிலும் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். இதை ஒன்றாக்க முறையான விதி இருக்கிறது. 'கௌரவம்' என்பதை 'ள' போட்டு 'கெளரவம்' என்று அடித்திருந்தால் அந்த விதியும் கைவிட்டுவிடும். அப்புறம் வேற்றுமை உருபு. கோப்பில், கோப்புகளுக்கு, கோப்பை எல்லாம் 'கோப்பு'தான் என்று நிரலுக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்த பிறகு, கேன்டீனுக்குத் தேநீர்க் கோப்பை வாங்கிய டெண்டரும் கோப்புகளோடு வந்து நிற்கும்.

இப்போது சொல்லுக்குப் பதில் பொருளை எண்வரிசையாக்கித் தேடும் முறைகள் வந்திருக்கின்றன. 'விபத்து' என்று கேட்டால் 'அசம்பாவிதம்' என்று எழுதியதையும் எடுத்துவரும். ஆனால் 'படிவம் 12பி' என்று குறிப்பாகக் கேட்டால் 12ஏ-வையும் பாசமாகக் கூட்டிவரும். அதனால்தான் பழைய சொல்லடைவையும் இதையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள்.

என் பழைய அலுவலகத்தில் பிற்பாடு சரிசெய்தது இவ்வளவு நவீனமானதல்ல. கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், யார் எதைத் தேடி வெறுங்கையோடு போனார்கள் என்ற பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பட்டியல் பெரும்பாலான தேடல் அமைப்புகளில் இருக்கும், யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் உரிய பிரிவில் கேட்டு, இந்தச் சொல்லுக்கு இதுவும் ஒன்று என்று இணைச்சொல் அட்டவணையில் சேர்த்தார். முதல் வாரப் பட்டியலை எனக்குக் காட்டினார். உச்சியில் இருந்தது லீவ் என்கேஷ்மென்ட், ஐந்து விதமான எழுத்துக்கூட்டலில். அதில் ஒன்று என்னுடையது.