சமாதானமா, சரிக்கட்டலா?

ஆங்கிலப் பத்தியில் 'அப்பீஸ்' (appease) என்று வந்தால், கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எங்களுக்குக் கை தானாகவே 'சமாதானப்படுத்து' என்று எழுதிவிடும். பசிஃபை (pacify), பிளகேட் (placate), மோலிஃபை (mollify) எது வந்தாலும் அதே சொல்தான். ஒருமுறை ஒரே கட்டுரையில் கடன் கொடுத்தவர், அழுகிற குழந்தை, ஹிட்லர் மூவரையும் 'சமாதானப்படுத்தி' வைத்திருந்தேன். திருப்பி வாசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அப்பீஸ், பசிஃபை இரண்டுக்கும் வேர் 'பாக்ஸ்' (pax), அதாவது அமைதியைக் குறிக்கும் இலத்தீன் சொல். காசு கட்டுவதைச் சொல்லும் 'பே'யும் (pay) இந்தக் குடும்பம்தான். கடன் தந்தவரின் மனத்தை ஆறச்செய்வதுதான் அதன் பழைய பொருள். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்பீஸுக்கு மட்டும் பிற்காலத்தில் ஒரு கறை ஒட்டிக்கொண்டது. 1938 செப்டம்பர் 30 அன்று மியூனிக்கில் பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேனும் மற்றவர்களும் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் அவர் பிராக் நகருக்குள்ளேயே படையோடு நுழைந்தார். அதற்குப் பிறகு அரசியலில் இந்தச் சொல் கிட்டத்தட்ட ஒரு வசை. அடுத்தவன் காணியை எழுதிக் கொடுத்து வாங்கிய அமைதியைச் 'சமாதானம்' என்று எழுதினால் அந்த வசை காணாமல் போகிறது. நம் பேச்சிலேயே 'சரிக்கட்டுதல்' இருக்கிறதே! 'ஆளைச் சரிக்கட்டியாச்சு' என்றால் ஏதோ கைமாறியிருக்கிறது என்று யாருக்கும் புரியும். அரசியல் கட்டுரைக்கு 'சரிக்கட்டல் கொள்கை' கொஞ்சம் கொச்சையாகத் தெரியலாம். ஆனாலும் பொருத்தமானது அதுதான் என்பது என் கட்சி.

சமாதானம் வடசொல். ஒன்றாகச் சேர்த்து நிலைநிறுத்துவது என்பது அடிப்பொருள். 'சமாதி' அதன் உடன்பிறப்பு. வாதத்தில் எழும் தடைக்குச் சொல்லும் விடைக்கும் அதுவே பெயர். பிந்தி வந்தவர் 'ஒரு சமாதானம் சொன்னார்' என்கிறோமே, அந்தச் சமாதானம் அங்கிருந்து வந்தது. இங்கே பத்திரங்களில் முத்திரை குத்தித் தருகிற சமாதான நீதவான் வேறு கதை.

எனக்கு மிகவும் பிடித்தது 'சூத்' (soothe). பழைய ஆங்கிலத்தில் அதன் அடிச்சொல்லுக்கு 'உண்மை' என்று பொருள். முதலில் ஒன்றை உண்மையென்று உறுதிப்படுத்துவது, பிறகு ஒருவர் சொல்வதற்கெல்லாம் 'ஓம் ஓம்' என்று தலையாட்டுவது, கடைசியில் ஆறுதல்படுத்துவது என்று அது நகர்ந்து வந்திருக்கிறது. தமிழில் 'தேற்று' கிட்டத்தட்ட இதே வழியில் வந்த சொல். தேறுதல் என்றால் தெளிதல், நம்புதல். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். செத்த வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாம் செய்வதும் அதுதான். அங்கே போய் 'சமாதானப்படுத்தினேன்' என்று எழுதினால் எவ்வளவு வறட்சி!

அமைதியைக் குறிக்கும் 'காம்' (calm) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வெக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான் மூலம் என்பார்கள். நடுப்பகல் வெயிலில் எல்லாம் அடங்கிக் கிடக்கும் நேரம் அது. தமிழில் கோபம் ஆறுகிறது, தேத்தண்ணீரும் ஆறுகிறது. ஔவையார் 'ஆறுவது சினம்' என்று முடித்துவிட்டார். அப்படியானால் காமுக்கு 'ஆற்று'.

மற்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. மோலிஃபையில் இருப்பது மென்மை; 'மனத்தை இளக்கு' போதும். பிளகேட்டுக்குத் 'தணி': முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பார்கள். கன்சிலியேட்டுக்கு (conciliate) 'இணக்கு'. இலங்கையில் இது புதிதல்ல. ஊர்ப் பிணக்குத் தீர்க்க இணக்கசபை இருந்தது, இப்போது எல்லா அறிக்கையிலும் நல்லிணக்கம் இருக்கிறது.

மிச்சம் 'பசிஃபையர்' (pacifier). அமெரிக்கர்கள் குழந்தை வாயில் வைக்கும் பொருள். ஒரு பெட்டியில் அதற்குச் 'சமாதானப்படுத்தி' என்று அச்சடித்திருந்ததைக் கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் பார்த்தேன். கடைக்கார அக்காவிடம் காட்டினேன். "தம்பி, சூப்பி தானே வேணும்?" என்றார்.