மன்னிப்புக் கேட்ட பிறகும் கோபம் ஏன் ஏறுகிறது?

நிறுவனம் மன்னிப்புக் கேட்ட மறுநாளே மக்களின் கோபம் கூடுவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2017 ஏப்ரலில் அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்ஸ் பட்ட பாடு இதற்கு நல்ல விடை.

ஏப்ரல் 9. சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லும் விமானத்தில் பயணிகள் உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பின் ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் தேவைப்பட்டது. 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் யாரும் எழவில்லை. இறங்க மறுத்த ஒரு பயணியை விமான நிலையக் காவலர்கள் ரத்தம் வழிய இழுத்துச் சென்றார்கள். வீடியோ உலகெங்கும் பரவியது.

மறுநாள் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முன்யோஸ், பயணிகளுக்கு "மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியதாகிவிட்டதற்கு" மன்னிப்புக் கேட்டார். கோளாறு இங்கேதான். "கண்ணாடி உடைந்தது" என்பதற்கும் "உடைத்துவிட்டேன்" என்பதற்கும் உள்ள தூரம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முதல் வாக்கியத்தில் உடைத்தவர் இல்லை. மன்னிப்பில் மக்கள் தேடுவது அந்த ஆளைத்தான். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்பவரால்தான் அதைத் திருத்தவும் முடியும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் மன்னிப்பின் ஆறு கூறுகளைச் சோதித்தார்கள். பொறுப்பேற்பதற்கு முதலிடம், ஈடுசெய்வதாகச் சொல்வதற்கு அடுத்த இடம். "மன்னித்துவிடுங்கள்" என்று கேட்பதற்குக் கடைசி இடம்!

அதே மன்னிப்பில் ஊழியர் காதில் விழுவது வேறு. "நம்மைக் கைவிடுவார்களா?" என்பதே அவர்கள் கேள்வி. வழக்கறிஞர் ஒவ்வொரு சொல்லையும் நீதிமன்றத்தில் வைத்துப் பார்ப்பார். முதலீட்டாளர் செலவைக் கணக்கிடுவார். முன்யோஸ் அதே நாளில் ஊழியர்களுக்குத் தனிக் கடிதம் எழுதினார்: அந்தப் பயணிதான் முரண்டு பிடித்தார், நான் உங்கள் பக்கம். கடிதம் வெளியே கசிந்தது. வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று என்று தெரிந்ததும் மன்னிப்புக்கு மதிப்பில்லாமல் போனது.

ஏப்ரல் 11 அன்று "யாரையும் இப்படி நடத்தக் கூடாது, முழுப் பொறுப்பு எங்களுடையது" என்றார். சரியான சொற்கள்தான். ஆனால் அன்று பங்கு விலையும் சரிந்ததால், மனம் மாறியதா, நெருக்கடிக்குப் பணிந்தாரா என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டது. இதையே முதல் நாளில் சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

பொதுமக்கள், ஊழியர் என இரு தரப்புக்கும் பொருந்தும் ஒரே வாக்கியம் உண்டு: "ஊழியர்கள் எங்கள் விதிப்படி நடந்தார்கள், விதி தவறு, அதை வகுத்தது நாங்கள்." ஊழியரைக் காக்கப் பயணியைக் குறைசொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 27 அன்று நிறுவனம் அந்த விதியையே மாற்றியது: பாதுகாப்புக் காரணமின்றி, உட்கார்ந்த பயணியைக் கட்டாயப்படுத்தி எழுப்புவதில்லை, தானாக இடம் விட்டுத் தருபவருக்கு 10,000 டாலர் வரை.